பதினொரு பேருக்கு இரண்டு சபை

அத்தியாயம் 9

அப்பாவின் மேஜையில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளைப் பெரியவள் பிரித்துப் பார்க்கவில்லை என்று போன வாரம் நிறுத்தியிருந்தேன். "நானா இருந்தா பார்த்திருப்பேன்" என்று சில வாசகிகள் கோபமாகவே எழுதிவிட்டார்கள். நானும் பார்த்திருப்பேன்தான். ஆனால் அவள் சுபாவம் வேறு.

பெரியவளின் அப்பா போதகர். ஒவ்வொரு சனிக்கிழமையும் மறுநாள் பிரசங்கத்தையும் அறிவிப்புகளையும் அவளிடம் கொடுத்துவிடுவார். ஞாயிறன்று அவர் பேசப் பேச, பக்கத்தில் நின்று அதைக் கைகளால் சொல்வது அவளுடைய ஊழியம். மூன்றாவது வரிசையில் காது கேளாத பதினொரு பேர் உட்கார்ந்து அவள் கைகளைப் பார்ப்பார்கள். இந்தச் சனிக்கிழமை பிரசங்கம் மட்டும் வந்தது. அறிவிப்பு வரவில்லை. கொடுக்காததை எடுத்துப் பார்க்க அவளுக்கு வராது.

அம்மா இறந்து இரண்டு வருஷம். கடைசி வாரத்தில் தம்பி கட்டிலைச் சுற்றி ஆட்களை நிறுத்தி, சுகம் கிடைத்தே தீரும் என்று ராப்பகலாக ஜெபித்தான். அப்பா கடைசி நற்கருணையைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்கதான் அம்மாவை அனுப்பி வெச்சீங்க" என்றான் தம்பி. "ஜெபத்தை வித்தையாக்காதே" என்றார் அப்பா. எட்டு மாதத்தில் பாதிச் சபை தம்பியோடு வெளியேறியது. பதினாறு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

பெரியவள் மட்டும் எட்டு மணிக்கு அப்பாவின் ஆலயத்திலும், பத்தரைக்குத் தம்பியின் கூடத்திலும் நிற்கிறாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இந்த ஞாயிறு விடிந்தது.

*

அன்றைக்குப் பிரசங்கம் நன்றாகத்தான் போயிற்று. ஒரே கொடியின் கிளைகள் பற்றிப் பேசினார் அப்பா. அவள் இடது முழங்கையைக் கொடியாக்கி, வலது விரல்களைக் கிளைகளாக்கிக் காட்டினாள். மூன்றாவது வரிசையில் தையல்காரர் தலையாட்டினார். அவர் மனைவி பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டி, "இன்னிக்கு ஐயா சுருக்கமா முடிச்சுட்டார்" என்று மடிக்குள்ளேயே கையால் சொன்னாள். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பிறகு அப்பா மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை எடுத்தார்.

"சபை ஒழுங்கைப் பற்றி மூப்பர் குழுவின் அறிவிப்பு. இந்தச் சபையின் ஊழியங்களில் பொறுப்பு வகிப்போர், பிரிந்து சென்ற கூட்டத்தாரின் ஆராதனைகளில் எவ்வித ஊழியமும் செய்யலாகாது. வரும் ஞாயிறு முதல் இது நடைமுறைக்கு வரும். மீறுவோர் இங்கே தங்கள் பொறுப்பிலிருந்து விலகியவர்களாகக் கருதப்படுவார்கள்."

அவள் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் வாக்கியத்தின் பாதியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கை நிற்கக் கூடாது. ஊழியம் என்பதற்கு இரண்டு உள்ளங்கைகளையும் மேலே விரித்து, எதையோ ஏந்திக் கொண்டுபோய் அடுத்தவர் முன் நீட்ட வேண்டும். அதைச் செய்தாள். செய்யக்கூடாது என்பதற்கு அந்தக் கைகளையே கவிழ்த்தாள்.

கைமொழி பெயர்ப்பவளுக்கு 'நான்' கிடையாது. போதகர் 'நான்' என்றால் அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாள்; ஆனால் அது போதகர். சாட்சி சொல்ல வந்தவர் 'நான்' என்றால் அது சாட்சி சொல்ல வந்தவர். இருபது வருஷமாக அவள் நெஞ்சை யார் யாரோ தொட்டிருக்கிறார்கள்.

அப்பா தாளை மடித்தார். அதில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தார்.

"என் மகளாக இருந்தாலும் சரி."

அவள் தன் நெஞ்சைத் தொட்டாள். என். பிறகு மகள். பிறகு இருந்தாலும் சரி.

எப்போதும் அவள் கைகளைப் பார்க்கும் பதினொரு பேரும் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

தையல்காரர் எழுந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, சட்டைக் காலரில் எந்நேரமும் ஒரு குண்டூசி. வரிசையை விட்டு வெளியே வந்து நடுப்பாதையில் நின்றார். கை தூக்கினார்.

சபைச் செயலர் முன் வரிசையிலிருந்து எழுந்தார். "அறிவிப்பு நேரத்துல கேள்வி கேக்கற வழக்கம் இல்லை. உக்காரச் சொல்லும்மா."

அதையும் அவள் சொன்னாள்.

தையல்காரர் உட்காரவில்லை. கைகள் பேச ஆரம்பித்தன. இனி அவள் குரல் அவருடையது. சபை முழுவதும் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் இந்த மூணாவது வரிசைல இருபத்தாறு வருஷமா உக்காந்திருக்கேன்" என்றாள் பெரியவள், உரக்க. "நீங்க போட்ட சண்டை எங்களுக்குக் கேக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாத்தா பாதி பெஞ்சு காலி. அப்பதான் தெரிஞ்சுது."

யாரோ இருமினார்கள்.

"போனவங்க எங்கன்னு தேடிப் போய்ப் பாத்தோம். அங்கயும் பாட்டு கேக்கல. இங்கயும் கேக்கல. ஆனா உதடு படிப்போம். இங்க எந்தப் பேருக்கு உதடு அசையுதோ, அங்கயும் அதே பேருக்குத்தான் அசையுது. எங்களுக்கு வித்தியாசம் தெரியல. அதனால ரெண்டு பக்கமும் போறோம்."

தையல்காரர் தன் தாடையில், பெரியவளுக்கு மச்சம் இருக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டார். கைமொழியில் அதுதான் பெரியவளின் பெயர். அவள் ஒரு கணம் தடுமாறினாள்.

"ஐயாவோட... மகளோட கையை நீங்க நிறுத்தினா, அவங்க ஊழியம் மட்டும் நிக்காது. எங்களுக்கு இருக்கற ஒரே காதை அடைக்கறீங்க."

சொல்லி முடித்ததும் தையல்காரர் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவள் நின்றாள். தன்னைப் பற்றி வேறொருவர் பேசியதைத் தன் வாயாலேயே ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தற்பெருமை பேசியவள் போலவும் இருந்தது. பிச்சை கேட்டவள் போலவும் இருந்தது.

அப்பா பிரசங்க மேடையின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு... நூற்றுப் பன்னிரண்டு" என்றார்.

*

ஆராதனை முடிந்து அங்கி மாற்றும் அறைக்குள் அவள் போனபோது, அப்பா பித்தானோடு போராடிக்கொண்டிருந்தார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருந்தா நீ இன்னிக்கு வந்திருக்க மாட்டே."

"வந்திருப்பேன். நாலு வார்த்தைக்கு நல்ல சைகையா யோசிச்சு வெச்சிருப்பேன். திடீர்னு 'கருதப்படுவார்கள்'னா நான் என்னப்பா பண்ணுவேன்?"

அப்பா அடுத்த பித்தானுக்குப் போனார். கதவருகில் செயலர் நின்றிருந்தார். அவர்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தனை நாளைக்கு? பாடகர் குழுவுல ரெண்டு பேர், ஓய்வுநாள் பள்ளியில ஒரு டீச்சர், எல்லாரும் இப்ப அங்கயும் இங்கயும். கேட்டா உன்னைத்தான் கை காட்டறாங்க."

"நான் அங்க பிரசங்கம் பண்ணலையே சார். தம்பி சொல்றதைச் சொல்றேன். இங்க இவர் சொல்றதைச் சொல்றேன்."

"அதுதான் பிரச்சினை" என்றார் செயலர்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்திருந்ததைப் பிரித்து, மறுபடி மடித்தார்.

*

ஆலயத்திலிருந்து தம்பியின் கூடத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. பதினொரு பேரும் சேர்ந்துதான் நடப்பார்கள். காது கேளாதவர்கள் நடந்துகொண்டே பேசுவது தனி அழகு. பேசுகிறவர் முன்னால் திரும்பி நின்று, பின்பக்கமாகவே நடப்பார். கேட்கிறவர் அவர் கையையும் பார்த்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் வரும் விளக்குக் கம்பத்தையும் பார்த்துக்கொள்வார். சமயத்தில் தோளைப் பிடித்து இழுத்துவிடுவார். ஒருவரும் மோதிக்கொண்டதில்லை.

அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவளிடம் யாரும் பேசவில்லை. கோபத்தால் இல்லை, அவளை விட்டுவிட வேண்டும் என்ற மரியாதை. அவள் பத்தடி பின்னால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். சாலையில் சத்தம் இருந்தது. கடைகள் பாதி திறந்திருந்தன. தனக்கு யார் பின்பக்கமாக நடந்து காட்டுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று அதை ஒதுக்கினாள்.

தம்பியின் கூடம் மரச்சாமான் கிடங்குக்கு மேல்மாடி. படியேறும்போதே வார்னிஷ் வாசனை. மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், டிரம்ஸ், ஆள் உயர ஸ்பீக்கர்கள். பதினொரு பேருக்கும் இந்த இடம் பிடிக்கும். காரணம் அந்த ஸ்பீக்கர். பாட்டு தொடங்கினால் தரைப் பலகை அதிரும். பாதம் வழியாக ஏறும். தையல்காரரின் மனைவி எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவாள்.

தம்பி ஓடி வந்து பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். நெற்றியில் விழும் முடியை ஊதி விலக்கினான். பத்து வயதிலிருந்து அதே பழக்கம்.

"அக்கா! கேள்விப்பட்டேன். உன்னை வெளியேத்திட்டாங்களாமே?"

"அதுக்குள்ள யாரு சொன்னா?"

"போன் இருக்கே! போகட்டும்க்கா, நல்லதுக்குத்தான். இனிமே நீ முழுசா இங்க. வா, உனக்கு ஒண்ணு காட்டணும்."

மேடைக்குப் பின்னால் சுவரில் ஒரு போஸ்டர் சாய்த்து வைத்திருந்தது. மை காய்ந்தும் காயாமலும் இருந்தது. அடுத்த ஞாயிறு, சிறப்பு சுகமளிக்கும் ஆராதனை. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரின் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில்: செவிடர் கேட்பார்கள்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"பதினொரு பேரையும் முன்வரிசைல உக்கார வெக்கறோம்" என்றான். கண் பளபளத்தது. "நீ பக்கத்துல நில்லு. அவங்க கேக்கற முதல் சத்தம் உன் குரலா இருக்கட்டும்."

"அவங்களைக் கேட்டியாடா?"

"எதைக் கேக்கறது?"

"இது வேணுமான்னு."

"யாருக்குத்தான்க்கா வேண்டாம்னு இருக்கும்?"

"அவங்க காது கேக்கணும்னு உன்கிட்டக் கேக்கலையே. உக்கார இடம்தானே கேட்டாங்க? எல்லார் முன்னாடியும் ஒவ்வொருத்தரையா மேடையில ஏத்தி, காதுல விரலை வெச்சு, கேக்குதா கேக்குதான்னு கத்துவாங்க. கேக்கலைன்னா? விசுவாசம் பத்தலைன்னு சொல்லி இறக்கி விடுவீங்களா?"

தம்பியின் முகம் சுருங்கியது. "கேக்கும். நான் நம்பறேன்."

"அன்னிக்கும் நம்பினே."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். டிரம்ஸ்காரப் பையன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

"அம்மா பேச்சை எடுக்காதேக்கா" என்றான் தம்பி, மிக மெதுவாக.

"சரி. எடுக்கல. ஆனா இந்தக் கூட்டத்துக்கு நான் மொழிபெயர்க்க மாட்டேன்."

"ஊழியத்துல இருக்கறவங்க சபையோட தரிசனத்துக்கு ஒத்துப்போகணும். அங்க அப்பாவுக்குப் பிடிக்காத எத்தனையோ வார்த்தையை வாயை மூடிட்டுச் சொல்லியிருக்கே. எனக்கு மட்டும் மாட்டியா?"

"கையாலதான்டா சொன்னேன். வாயை மூடிட்டுத்தான் சொல்ல முடியும்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"இங்க ஒரு தங்கச்சி வீடியோ பாத்துக் கைமொழி கத்துக்கறா" என்றான். "நாப்பது வார்த்தை தெரியும். அவளை வெச்சுப் பாத்துக்கறேன்."

நாற்பது வார்த்தை. அவள் தலையாட்டினாள். கூடத்தின் ஓரத்தில் தம்பியின் மகள் சிட்டு, இன்னும் நாலு வயது நிறையாதவள், நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து ரயில் ஓட்டிக்கொண்டிருந்தாள். "அத்தை, டிக்கெட்டு!" என்று கத்தினாள். அத்தை ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

*

படிக்கட்டில் வைத்து எல்லாவற்றையும் பதினொரு பேரிடமும் சொன்னாள். போஸ்டரில் இருந்த வார்த்தையை அப்படியே சொன்னாள். மென்மையாக்கவில்லை. மென்மையாக்கும் உரிமை அவளுக்கு இல்லை.

இரண்டு இளைஞர்களுக்குக் கோபம் வந்தது. ஒருவர் மட்டும், "ஒருவேளை கேட்டாலும் கேக்கலாமே" என்று தயங்கித் தயங்கிக் கை அசைத்தார். அவர் ஏழு வயது வரை காது கேட்டவர். மற்றவர்கள் அவரைக் கேலி செய்யவில்லை.

தையல்காரரின் மனைவி கடைசியாகப் பேசினாள். அவளும் பிறவியிலேயே காது கேளாதவள்; பேக்கரியில் மாவு பிசைபவள். அவள் கைகள் அகலமானவை, பேசினால் தூரத்திலிருந்தே தெரியும்.

"நல்ல பையன். எங்களைக் குணமாக்கணும்னு அவனுக்கு இல்லை. யாரையாவது குணமாக்கணும். ஒருத்தரையாவது."

பெரியவள் மாடியைத் திரும்பிப் பார்த்தாள். மேலே பாட்டு தொடங்கியிருந்தது. படிக்கட்டுக் கம்பி மெல்ல அதிர்ந்தது. தையல்காரர் அந்தக் கம்பியின் மேல் ஒரு நிமிஷம் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"கடைக்குப் போகலாம்" என்றார்.

*

தையல்கடை ஞாயிறு விடுமுறை. ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். மூன்று மெஷின்கள், துணி வெட்டும் நீள மேஜை, இஸ்திரிப் பெட்டி, பெயர் எழுதிய சீட்டு குத்திய பாதித் தைத்த சட்டைகள். ஸ்டூல், பெஞ்சு, தலைகீழாய்க் கவிழ்த்த டப்பா என்று கிடைத்ததை வட்டமாகப் போட்டார்கள். வரிசையாக உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் பேசுவது பின்னால் தெரியாது. வட்டம்தான் வசதி.

ஜெபம் தொடங்கியது. கண்ணை மூடாத ஜெபம். ஒருவர் கை பேச, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மகனின் பரீட்சையைச் சொன்னார். ஒரு பெண் முழங்கால் வலியைச் சொன்னாள். ஏழு வயது வரை காது கேட்டவர், தன் அம்மா கூப்பிட்ட தொனி மறந்துகொண்டே வருகிறது என்று சொன்னார். ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லாரும் கைமுட்டியை உள்ளங்கையில் வைத்து ஆமென் சொன்னார்கள்.

பெரியவள் மெஷினை ஒட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கடையில் அவள் கைகளுக்கு வேலை இல்லை. யாருக்கும் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களுக்கு அவள் தேவையே இல்லாத ஓர் ஆராதனை. ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், காலையிலிருந்து மூன்றாவது இடம் இது என்று மனம் கணக்குப் போட்டது.

தையல்காரரின் மனைவி அவள் முழங்காலில் தட்டினாள்.

"நீ."

"நான் எதுக்கு? நீங்க பண்ணுங்க."

"எல்லாரும் பண்ணியாச்சு. நீதான் பாக்கி."

பெரியவள் கையைத் தூக்கினாள். 'நான்' என்று நெஞ்சைத் தொட்டாள். தொட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. அடுத்து என்ன வரும் என்று யாராவது பேசக் காத்திருக்கிற பழக்கம். யாரும் பேசவில்லை. பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் தனியா இருக்கேன்" என்றாள்.

சின்னதாக, நெஞ்சை ஒட்டி, அவசரமாகச் சொன்னாள். சொன்னதும் கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

ஓரத்தில் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் பக்கத்து ஆளைத் தட்டினார். அவருக்குக் கண்ணில் புரை. தூரத்தில் சின்னதாகப் பேசினால் தெரியாது. "என்ன சொன்னா?" என்று கேட்டார். பக்கத்து ஆள் தான் சொல்லாமல் பெரியவளைக் கை காட்டினார். அவளே சொல்லட்டும்.

"மறுபடி சொல்லு" என்றாள் தையல்காரரின் மனைவி. "பெருசா சொல்லு. அவருக்குத் தெரியல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எழுந்து நின்றாள். மூலையில் இருப்பவருக்கும் தெரிகிற மாதிரி, கைகளை நன்றாக நீட்டி, அகலமாக, மெதுவாக, மறுபடி சொன்னாள்.

நான். தனியா. இருக்கேன்.

பெரியவர் புரிந்தது என்று தலையாட்டினார். ஆறுதல் யாரும் சொல்லவில்லை. கைமுட்டிகள் உள்ளங்கைகளில் இறங்கின. ஆமென்.

அதற்குப் பிறகுதான் தையல்காரர் அளவு எடுக்கும் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்தார். யாரோடும் பேசாமல் ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதினார். எழுதியதை வட்டமாக எல்லாரும் படித்தார்கள். ஏழு வயது வரை காது கேட்டவரும் படித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் சரி என்றார். ஒரு தாளைத் தையல்காரரின் மனைவி எடுத்துக்கொண்டாள். "பையன்கிட்ட நான் குடுக்கறேன்." இன்னொன்றைத் தையல்காரர் பெரியவளிடம் நீட்டினார்.

"ஐயாகிட்டக் குடு. விளக்கம் சொல்லாதே. குடுத்தாப் போதும்."

*

அப்பா மத்தியானச் சாப்பாட்டைத் தொட்டிருக்கவில்லை. மூடிய தட்டு மூடியபடி இருந்தது. மாலை வெயில் சமையலறைத் தரையில் பாதி தூரம் வந்திருந்தது. அவள் தாளை மேஜையில் வைத்தாள்.

அப்பா கண்ணாடியைத் தேடினார். நெற்றியில் இருந்தது. இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தார். உதட்டால் எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர்கள் எழுதும் வாக்கியம் அப்படித்தான் இருக்கும்; கைமொழியின் வரிசை வேறு.

"ஐயா. தம்பி பாஸ்டர். இரண்டு பேர் சேர்ந்து வாங்க. கடை சின்னது, நாற்காலி உண்டு. ஐயா அப்பம் பிட்டு குடு. தம்பி கிண்ணம் குடு. பதினொரு பேர் வாங்குவோம். ஐயா தனி வந்தால் வேண்டாம். தம்பி தனி வந்தால் வேண்டாம். வரும் வரை நாங்கள் நற்கருணை இல்லாமல் இருப்போம். பரவாயில்லை. பழக்கம்."

கடைசி வார்த்தையை அப்பா திரும்பப் படித்தார்.

"இது நீ எழுதிக் குடுத்ததா?"

"இல்லப்பா. எழுத்துப்பிழையைக்கூட நான் தொடல."

நாற்காலியில் சாய்ந்தார்.

"குழுவுல உனக்கு மட்டும் விலக்கு கேட்டேன். கையால செய்யற ஊழியத்துக்குக் கட்சி கிடையாதுன்னு சொன்னேன். 'உங்க மகளுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா ஐயா?'ன்னு செயலர் கேட்டார். வாயடைச்சுப் போச்சு. அந்த வரியை அவங்க யாரும் எழுதல. நானாத்தான் சேத்தேன். நேர்மையா இருக்கேன்னு காட்டணும்னு."

"தெரியும்ப்பா. தாள்ல இல்லாததைப் பேசினா உங்க குரல் ஒரு படி இறங்கும்."

"நாற்பது வருஷமா நற்கருணை குடுக்கறேன்" என்றார் அப்பா. "ஒருத்தர்கூட வேண்டாம்னதில்லை."

அவள் தட்டைச் சூடு பண்ண எடுத்தாள். அவர் வேண்டாம் என்று கை காட்டினார்.

"இங்க அவங்களுக்கு யாரு சொல்லுவா, அடுத்த வாரம்?"

"யாருமில்ல. ஒரு பக்கம் மட்டும் நிக்க எனக்கு வராதுப்பா."

"அவன்கிட்ட?"

"நாப்பது வார்த்தை தெரிஞ்ச ஒரு பொண்ணு இருக்கு."

போஸ்டர் விஷயத்தையும் சொன்னாள். அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். வித்தை என்று ஆரம்பிப்பார், பழைய பாட்டை எடுப்பார் என்று நினைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல அவன் குரல் கட்டிப் போற வரைக்கும் ஜெபிச்சான். நான் வராந்தால உக்காந்திருந்தேன். உள்ளே போய் அவன்கூட முழங்கால் போட்டிருக்கலாம். அதுக்கப்புறம் நற்கருணை குடுத்திருக்கலாம். ரெண்டும் ஒரே அறையிலதானே நடந்துது." போன் பக்கம் திரும்பினார். "அவன் நம்பர் பழசுதானா?"

அவள் கை தட்டின் மேல் அப்படியே நின்றது.

"பழசுதான்."

அப்பா போனை எடுத்தார். எண் அவருக்கு மனப்பாடம். அழுத்தினார். காதில் வைத்துக்கொண்டு நின்றார். நிசப்தமான வீடு, மறுமுனையில் மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. மூன்று முறை. நாலு. ஐந்தாவதில் எடுத்தார்கள்.

"அலோ?" என்றது ஒரு கீச்சுக்குரல். "அப்பா குளிக்கறாங்க. நீங்க யாரு?"

அப்பா அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்டபோது அதற்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. வாக்கியமே கிடையாது. 'தாத்தா'வில் ஒரு எழுத்துதான் வரும்.

"யாரு? பேசுங்க! அம்மா, யாரோ மூச்சு மட்டும் விடறாங்க!"

ஆயிரம் பேருக்கு முன்னால் பேசியவர் பெரியவளிடம் போனை நீட்டினார். நீ சொல்லு என்று கண்ணால் கேட்டார்.

ஒரு எட்டு வைத்தால் வாங்கிவிடலாம். இருபது வருஷமாக அவள் செய்ததெல்லாம் அதுதான். கை கூசியது.

"நீங்களே பேசுங்கப்பா" என்றாள். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், கதவைச் சாத்தினாள்.

துணிக் கொடிக்கு அடியில் நின்றாள். ஜன்னல் கண்ணாடி வழியே அப்பா தெரிந்தார். போன் மறுபடி காதுக்குப் போய்விட்டது. உதட்டைப் பார்த்தால் அவளால் படித்துவிட முடியும்.

அப்பா மெல்லத் திரும்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.